மாப்பிள்ளை சொன்ன தானியம்

“ஆள் பொய்க்காரன்,” என்றாள் றோசமலர், குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு. “சுவீடன் பக்கம் தலைவைச்சும் படுத்திருக்க மாட்டான்.”

கோழிக்கறியைக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்த ஜெசிக்காவின் கை அப்படியே நின்றது. “என்னம்மா கதைக்கிறியள்? ஆள் வந்து ஒரு மணித்தியாலம்கூட ஆகேல்லை.”

“ஒரு சொல்லிலை பிடிச்சிட்டன்.”

முன் அறையில் இருந்த டெனிஸ்டன், ரயிலில் நேப்பிள்ஸ் வரை வந்து, அங்கிருந்து கப்பலேறி இத்தாலியின் பலேர்மோவுக்குப் பெண் பார்க்க வந்திருந்தான். சுவீடனில் ஒன்பது வருடம், மா அரைக்கும் ஆலையில் வேலை என்று தரகர் எழுதியிருந்தார். முதல் வந்த மூன்று பேரையும் வேண்டாமென்ற ஜெசிக்கா, இவனுடைய கடிதத்துக்குத்தான் தலையாட்டியிருந்தாள்.

ஆனால் தாய்க்குப் பயம். போன வருடம், 1994இல், கத்தானியாவில் ஒரு பெண்ணைக் கட்டினவனும் சுவீடன் என்றுதான் சொன்னான். பிறகு பார்த்தால் சுவீடனுமில்லை, விசாவுமில்லை. ஜெர்மனியில் ஒளித்துத் திரிந்தவன். அதனால் றோசமலர் இந்த முறை தன் சிஞ்ஞோராவிடம் யோசனை கேட்டு வைத்திருந்தாள்.

லிபெர்த்தா வீதியில் பதினொரு வருடமாக அவள் வேலை செய்யும் வீட்டுக்காரி அந்தச் சிஞ்ஞோரா. எழுபது வயதுச் சுவீடன்காரி; இருவரும் கதைப்பது இத்தாலியனில். உலகப்போர் முடிந்த கையோடு சிசிலி மாலுமி ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து, அவர் செத்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டவள். பிறந்த ஊர்க்கதை மட்டும் கதைக்க மாட்டாள். முன்பொருமுறை துறைமுகத்துக்குச் சுவீடன் கப்பல் வந்தபோது, “உங்கடை ஆக்களைப் பார்த்திட்டு வருவமே?” என்று றோசமலர் ஆசையாய்க் கேட்க, தலையிடி என்று படுத்துவிட்டாள்.

“மா ஆலையிலை வேலையெண்டால், தானியத்துக்கு என்ன சொல்லுறதெண்டு கேள்,” என்று சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். “கூண். கோதுமை, பார்லி எல்லாத்துக்கும் அந்த ஒரு சொல்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.” இத்தாலிக்காரர் வாயில் லேசில் வராத அந்த ‘ண்’ றோசமலருக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது.

சற்று முன்னர்தான் அதை மாப்பிள்ளையிடம் கேட்டாள்.

“தம்பி, தானியத்துக்கு அங்கை என்ன சொல்லுறவை?”

“ஸ்பன்மோல் எண்டுவினம், மாமி.”

“கூண் எண்டு சொல்லுறேல்லையோ?”

“கூண் எண்டால் பார்லி மட்டும்தான்.”

அவ்வளவுதான். றோசமலர் எழும்பிக் குசினிக்கு வந்துவிட்டாள்.

“ஒரு சொல்லுக்கோ, அம்மா?” என்றாள் ஜெசிக்கா.

“கத்தானியாவிலை அந்தத் தாய் அந்த ஒரு சொல்லைக் கேட்டிருந்தால் பிள்ளை இண்டைக்கு அழுதுகொண்டு இராது.”

சாப்பாடு முடிந்ததும், பிள்ளைக்கு இப்போது கலியாணத்தில் விருப்பமில்லை என்று தாய் பதமாகச் சொன்னாள். டெனிஸ்டன் குசினிக் கதவை ஒருமுறை பார்த்தான். அது திறக்கவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்து மேசையில் வைத்தான்.

“எங்கடை ஆலையின்ரை மா. உங்கடை சிஞ்ஞோராவும் சுவீடன் எண்டு தரகர் சொன்னவர். அவவுக்குக் குடுங்கோ, மாமி. ஊர்ச்சாமான் கண்டு கனகாலமாயிருக்கும்.”

எட்டு மணிக்குக் கப்பல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஜெசிக்கா தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவினாள்.

பின்னேரம் ஆறு மணிக்கு, சிஞ்ஞோராவின் வீட்டில், றோசமலர் நடந்ததை ஒன்றும் விடாமல் பெருமையாகச் சொன்னாள். பைக்கற்றையும் நீட்டினாள். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு அதில் அச்சிட்டிருந்ததை மேலிருந்து கீழ்வரை வாசித்தாள். பிரித்து, ஒரு சிட்டிகை மாவை நாக்கில் வைத்தாள். முகம் மாறிவிட்டது.

“இதிலை கூண் எண்டு போட்டிருக்கு, றோசா. உள்ளை இருக்கிறது பார்லி மட்டும்தான்.”

“அப்ப அவர் சொன்னது சரியோ?” என்றாள் றோசமலர்.

“சரி. சுவீடனிலை அப்பிடித்தான் போலை.”

“போலையோ? நீங்கள்தானே எல்லாத் தானியமும் எண்டு சொன்னனீங்கள். பிறந்த ஊர்ப் பாசை மறந்துபோச்சோ?”

“மறக்கேல்லை. நான் பிறந்த இடத்திலை எல்லாத் தானியமும் கூண்தான்.” சிஞ்ஞோரா எழும்பிக் கோட்டை எடுத்தாள். “டாக்சிக்கு அடி. மகளையும் ஏத்திக்கொண்டு துறைமுகத்துக்குப் போவம். நேரம் கிடக்கு. அவனிட்டை நானே சொல்லுறன்.”

“என்னத்தைச் சொல்லப் போறியள், சிஞ்ஞோரா?”

சிஞ்ஞோராவின் விரலுக்குக் கோட்டுப் பொத்தான் அகப்படவில்லை. றோசமலர் குனிந்து பூட்டிவிட்டாள்.

“சண்டை முடிஞ்ச கிழமை, எங்கடை சனம் என்ரை தலையை மொட்டையடிச்சுத் தெருவிலை நடத்தினது. எங்கடை நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்த படையிலை ஒரு ஜெர்மன் சிப்பாயை விரும்பினதுக்கு. அதுக்குப் பிறகு அந்த நாட்டுப் பேரை நான் வாயாலை எடுக்கேல்லை. என்ரை மனிசனுக்கும் சொல்லேல்லை.”

“எந்த நாட்டை? சுவீடனையோ?”

“நோர்வே. பொய்க்காரி நான்தான், றோசா.”