சொகமா இருக்கேன்

"பூனை சந்தோஷத்துல மட்டும்தான் குர்ர்னு சத்தம் போடும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது? வலி தாங்க முடியலைன்னாலும் அப்படித்தான் போடும்" என்றார் டாக்டர். "கிட்னி கெட்டுப்போய் ரொம்ப நாளாச்சு."

"யாரு சொன்னதா? இதுதான் சொன்னுச்சு!"

மேஜையில் செத்துக் கிடந்த பூனை முறுக்கின் கழுத்துப் பட்டையை அவிழ்த்துத் தரையில் எறிந்தாள் பிலோமினா. பூனையின் சத்தத்தையெல்லாம் தமிழில் சொல்கிற பட்டை. ஜன்னலில் புறாவைப் பார்த்து முறுக்கு பல்லைக் கடகடவென்று அடித்தால், 'அதைப் பிடிச்சுத் தா' என்னும். கடைசி வாரம் முழுக்க, 'அம்மா, சொகமா இருக்கேன்' என்றே கொஞ்சியது. அவளும் நம்பி வேலைக்குப் போய்வந்தாள்.

"நாசமாப் போற கம்பெனி" என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டே வீடு வந்தாள்.

உள்ளறையில் கணவர் அருளானந்தம் படுத்திருந்தார். பக்கவாதத்தில் பேச்சுப் போனதிலிருந்து அவர் கழுத்திலும் அதே கம்பெனியின் பட்டைதான். அவளைப் பார்த்ததும் முனகினார். முனகலை அமுக்கிக்கொண்டு பட்டை கணீரென்று பேசியது.

"எனக்கு ஒரு குறையும் இல்ல பிலோமி. நீ போய் வேலையைப் பாரு."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நொடி பாய்ந்துபோய்ப் பட்டையைப் பிய்த்துச் சுவரில் அடித்தாள். இப்போது அவருடைய முனகல் மட்டும் கேட்டது.

"எங்கங்க வலிக்குது? இங்கயா? இங்கயா?" என்று தலையிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். வயிற்றில் கை பட்டதும் அருளானந்தம் அலறினார்.

சுவரோரம் கிடந்த பட்டை சொன்னது: "ரொம்ப சொகமா இருக்கு பிலோமி."