ஒற்றை சிலிண்டர் தியாகி

“எனக்கு இந்தச் சின்ன வண்டிதான் வேணும். அந்தப் பெரிசு வேண்டவே வேண்டாம்!”

ஷோரூமில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி மனைவி சொன்னதும் சிசியின் முகம் சுண்டிப்போனது. சுண்டிப்போன மாதிரி வைத்துக்கொண்டார் என்பதுதான் சரி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் அவர். கை முறிந்து வருகிறவரிடம், “எங்க வலிக்குது?” என்று கேட்பதற்கு முன்னால் “என்ன வண்டி? எத்தனை சிசி?” என்று கேட்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் சிசி.

ஒருமுறை ஒரு பெரியவரை “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று நிறுத்திவிட்டு, வாசலில் புது வண்டிச் சத்தம் கேட்டு ஓடிவிட்டார். திரும்பி வந்தபோது பெரியவர் பாதி நீலமாகியிருந்தார்.

அங்கே யார் பைக் வாங்கினாலும் சிசியைக் கேட்காமல் வாங்குவதில்லை. ஒற்றை சிலிண்டர் வண்டிகளில் எது எவ்வளவு எடை, எது கொடுத்த காசுக்கு உழைக்கும், எது வளைவில் சொன்ன பேச்சு கேட்கும், எது முரண்டு பிடிக்கும், எல்லாம் விரல் நுனியில். மணிக்கணக்கில் விளக்கிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போவார்.

வீட்டிலும் விடமாட்டார். சாப்பிடும்போது மனைவிக்கு வகுப்பு நடக்கும். அவளும் “ம்” கொட்டிக்கொண்டே கேட்பாள்.

அவருடைய ஆசை எல்லாம் முந்நூற்றைம்பது சிசி வண்டி ஒன்றின் மேல். இடையில் ஒரே ஒரு தடங்கல், உயரம். வண்டியின் உயரமில்லை, இவருடையது. குரூப் போட்டோக்களில் சிசிக்கு நிரந்தர முன்வரிசை.

அன்று ஷோரூமில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. அதைக்கொண்டே கிளம்பிவிட்டார். தெருமுனை வரை ராஜா மாதிரி போனார். திரும்பும்போது வேகம் குறைந்தது, கால் தரையைத் தேடியது, கிடைக்கவில்லை. வண்டி விழவில்லை. நிதானமாகப் படுத்துக்கொண்டது. சிசியும் கூடவே படுத்தார்.

விற்பனைப் பெண் ஓடி வந்தாள். “சார், அடி ஏதும்...?”

“ரோடு சரியில்லம்மா.”

ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

“இன்னொரு ரவுண்டு போறேன்” என்று அவர் சட்டையைத் தட்டிக்கொண்டபோதுதான் மனைவி குறுக்கே புகுந்தாள்.

“நானும் வண்டி ஓட்டக் கத்துக்கணுங்க. அவ்வளவு கனத்தைப் பார்த்தாலே எனக்குப் பயமா இருக்கு. இந்த நூத்தி இருபத்தஞ்சு போதும்.”

சிசி பெருமூச்சு விட்டார். உள்ளுக்குள் உயிர் திரும்பி வந்தது.

“சரி. உனக்காக!” என்றார், விற்பனைப் பெண்ணுக்கும் கேட்கிற மாதிரி.

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரியில் இதே பேச்சுதான்.

“என்ன சிசி, ஊருக்கெல்லாம் பெரிய வண்டி சொல்லிட்டு, நீங்க குட்டி வண்டியில வர்றீங்க?” என்றார் மருந்துக் கவுண்டர்காரர்.

“என்ன பண்றது? வீட்டுல பயப்படறா. நம்ம ஆசை கிடக்கட்டும், அவ சந்தோஷம்தானே முக்கியம்?”

சொல்லச் சொல்ல அவருக்கே தன் மேல் மரியாதை கூடியது. உண்மையில் குட்டி வண்டி தங்கம். சந்துக்குள் மீன் மாதிரி நெளிந்தது, பெட்ரோலைத் தொட்டுக்கொண்டு ஓடியது, இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பல்வலி என்று ஒருநாள் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நர்ஸம்மா நேராகவே கேட்டுவிட்டார். “ஏம்மா, பாவம் மனுஷன் எவ்வளவு நாள் ஆசை! இப்படி மண்ணள்ளிப் போட்டுட்டியே?”

அவள் சிரித்தாள்.

சிசி அவசரமாக ஒரு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தலைகீழாக.

அந்த உறுத்தலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளை மைதானத்துக்குக் கூட்டிப்போனார்.

“இது கிளட்ச். பதறாதே. நான் பின்னாலேயே ஓடி வர்றேன்.”

அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். அவர் ஓட ஆரம்பிப்பதற்குள் வண்டி மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கல்தூணைச் சுற்றி, காலே ஊன்றாமல் எட்டுப் போட்டது. திரும்பி வந்து, அவர் செருப்பின் நுனிக்கு முன்னால் அலுங்காமல் நின்றது.

சிசி வாயை மூட மறந்துவிட்டார். “எப்போ கத்துக்கிட்டே?”

“அண்ணன் ஒர்க்‌ஷாப்ல ரிப்பேர் முடிஞ்ச வண்டியையெல்லாம் ஓட்டிப் பார்த்துக் கொடுத்தது யாருன்னு நினைச்சீங்க?”

“இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லலையே?”

“நீங்க பேசி முடிச்சாத்தானே?”

“அப்போ, பயமா இருக்குன்னு சொன்னது?”

“பயம்தான். அடுத்த தடவை உங்க காலுக்கு நீங்களே எக்ஸ்ரே எடுத்துக்க வேண்டி வந்துடுமோன்னு.”

சிசி தலையைக் குனிந்துகொண்டார். “நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். விட்டுக்கொடுத்தது நான் இல்லேன்னு.”

“அதெல்லாம் எதுக்கு? பின்னாடி ஏறுங்க.”

ஏறி உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பிக்கொண்டே, திரும்பாமல் அவள் சொன்னாள்:

“ஆனா ஒண்ணுங்க, எனக்கும் அந்தப் பெரிய வண்டிதான் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.”