பக்கத்து வீட்டுச் சாட்சி

"அலமாரியில துணி இருக்கு, மேசையில புத்தகம் இருக்கு. எல்லாம் சரிம்மா. நேத்துதான் கொண்டுவந்து அடுக்கினதாக்கூட இருக்கலாமே?"

குடியிருப்பைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அலமாரிக் கதவைச் சாத்தினார்.

மகளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அம்மாதான் பதில் சொன்னாள்.

"ஆறு வருஷமா இந்த மாடியிலதான் சார் இருக்கோம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலையில ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கேயே குடியிருக்கற பையன்னு எழுதியிருக்கு. குளியலறை எந்தப் பக்கம்னு அவனுக்கே தெரியல."

சிரிக்க வேண்டிய இடம். யாரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் பத்தில் ஒன்பது இடம் உள்மாநில மாணவர்களுக்கு. ஆனால் கடைசி ஐந்து வருடம் இடைவிடாமல் மாநிலத்துக்குள்ளேயே குடியிருந்திருக்க வேண்டும். மகள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு, உள்மாநிலம் என்றால் இடம் நிச்சயம். வெளிமாநிலம் என்றால் பட்டியலில் பெயரே வராது.

வில்லங்கம் பள்ளிக்கூடத்தால் வந்தது. எல்லையோர ஊர். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அடுத்த மாநிலம். அம்மாவுக்கு டீச்சர் வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம். குடிவந்த முதல் மூன்று வருடம், மகளும் அம்மாவோடு காலை பஸ்ஸில் போய் அங்கேயே படித்தாள். அப்புறம்தான் உள்ளூர்ப் பள்ளிக்கு மாறினாள்.

"கடைசி மூணு வருஷத்துக்குச் சான்று இருக்கு. அதுக்கு முந்தின ரெண்டு வருஷம் பொண்ணு அந்தப் பக்கம் இருந்ததாத்தானே காகிதம் சொல்லுது?" ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க. அஞ்சு மணிக்குள்ள நான் அறிக்கை அனுப்பியாகணும்."

வீட்டுக்காரர் சிரித்தபடியே படியேறி வந்தார். 'நம்ம வீட்டுப் பொண்ணு' என்றுதான் மகளை எப்போதும் சொல்வார். தேர்வு முடிவு வந்த அன்று தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டவரும் அவர்தான்.

"இவங்க எப்ப குடிவந்தாங்க சார்?"

வீட்டுக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"மூணு... மூணு வருஷம் இருக்கும்."

"அண்ணே!" அம்மா பதறிப்போனாள். அவரைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "என்னண்ணே இது? புள்ள வாழ்க்கைண்ணே!"

"நான் என்னம்மா பண்ண? மாடிக்கு அனுமதி வந்தே மூணு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடியே குடிவெச்சேன்னு தெரிஞ்சா இடிக்க வந்துடுவாங்க. என்னை மாட்டி விட்டுடாதே தாயி."

உள்ளே ஆய்வாளர் பேனா மூடியைத் திறந்தார். மகள் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார்! விசாரணைக்கு வந்த அதிகாரி நீங்கதானா?"

எதிர் ஜன்னலிலிருந்து குரல். பக்கத்து வீட்டுக்காரர். எதற்கெடுத்தாலும் மனு எழுதிப் போடுவதால் தெருவில் அவருக்குப் பெயரே 'பெட்டிஷன்'.

"ஐயோ, இவர் வேறயா!" அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், அவர் பேச்சைக் கேக்காதீங்க. எங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது."

அதற்குள் பெட்டிஷன் தடித்த கோப்பு ஒன்றோடு மாடிக்கே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"ஆமா, ஆகாது! எப்படி ஆகும்? விடியக் காலம் அஞ்சு மணிக்கு எட்டூருக்குக் கேக்கற மாதிரி படிக்குது சார் இந்தப் பொண்ணு. அதோட ஜன்னலும் என் தலைமாடும் நேருக்கு நேர். நகராட்சிக்கு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. ஒருத்தன் எட்டிப் பாக்கலை. நீங்களாவது கேளுங்க!"

கோப்பை மேசையில் பொத்தென்று போட்டார்.

ஆய்வாளர் சலிப்போடு முதல் தாளைப் புரட்டினார்.

'பக்கத்து வீட்டு மாடியில் தாயும் மகளும் குடியிருக்கிறார்கள். மகள் தினமும் அதிகாலையில் உரத்த குரலில் வரலாறு படிக்கிறாள். எனக்கு அரசர்கள் பெயரெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.'

கீழே நகராட்சி முத்திரை. பெற்றுக்கொண்ட தேதி.

ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது அஞ்சரை வருஷத்துக்கு முந்தின தேதி."

அடுத்த தாள், அடுத்த மாதம். அதற்கடுத்த தாள், அதற்கடுத்த மாதம். வரலாறு முடிந்து வாய்ப்பாடு, வாய்ப்பாடு முடிந்து இலக்கணம். எல்லாவற்றிலும் முத்திரை. ஒரு மாதம் விடுபடவில்லை.

வீட்டுக்காரர் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

ஆய்வாளர் படிவத்தில் 'உள்மாநிலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன பார்வை? நாளையிலேருந்தாவது மெதுவாப் படிக்கச் சொல்லும்மா!" என்று எரிந்து விழுந்துவிட்டு பெட்டிஷன் கோப்போடு கிளம்பிவிட்டார்.

வாசலில் ஆய்வாளர் அவரைப் பிடித்தார்.

"இவ்வளவு சண்டை இருந்தும் சரியான நேரத்துக்கு வந்து காப்பாத்திட்டீங்களே சார்!"

"காப்பாத்தினேனா? நல்லா இருக்கே! சீட்டு கிடைச்சா ஹாஸ்டலுக்குப் போயிடும். நான் நிம்மதியாத் தூங்குவேன்."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த ஆசையை விட்டுடுங்க. அம்பது கிலோமீட்டருக்குள்ள வீடு இருந்தா ஹாஸ்டல் கிடையாது. இன்னும் நாலு வருஷம் அந்த ஜன்னல்லதான் படிக்கும்."

பெட்டிஷன் மாடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும் சார். உங்க விதிமுறைப் புத்தகத்தைப் போன வாரமே வாங்கிப் படிச்சுட்டேன். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."