எட்டாவது கணக்கு

அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். தேர்வு மையத்தின் முதன்மைக் கண்காணிப்பாளர் செண்பகவல்லி. இதழினி, வயது பதின்மூன்று. அவளுக்குப் பக்கத்து மேசையில் எழுதிய மாராத்தாள், வயது நாற்பத்தொன்று. இருவரையும் தேர்வறையிலிருந்து எழுப்பிக் கூட்டி வந்த டேனியல் சார். வாசலில் காத்திருந்த இடத்திலிருந்து அழைக்கப்பட்ட இதழினியின் அப்பாரு, அவள் அப்பாவின் அப்பா.

உட்காரச் சொன்னார்கள்.

அவர் உட்காரவில்லை.

மேசைமேல் இரண்டு விடைத்தாள்கள், இதழினியின் வினாத்தாள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, கணக்கு.

இதழினி பள்ளிக்கூடம் போனதில்லை. அவருடைய மகனும் மருமகளும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பேத்தி எந்தப் பள்ளி என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார். இந்தச் சான்றிதழ் வந்துவிட்டால் மாற்ற வேண்டியதில்லை.

"பேசக்கூடாதுன்னு சொன்னமில்ல பாப்பா?" என்றார் செண்பகவல்லி.

"பேசல ஆன்ட்டி. எழுதித்தான் கேட்டேன்."

வினாத்தாளின் ஓரத்தில் பென்சில் எழுத்து. 'அக்கா, எட்டாவது கணக்கு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?' அடியில், வேறு கையெழுத்தில், ஒரு விடை.

டேனியல் சார் சிரிப்பை இருமலாக்கினார்.

"புள்ள கேட்டுச்சுங்க. தெரிஞ்சதச் சொல்லாம எப்படிங்க இருக்கறது?" என்றாள் மாராத்தாள். ஆயா வேலைக்கு மனுப் போட அவளுக்கும் அந்தச் சான்றிதழ் வேண்டும்.

செண்பகவல்லி ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார்.

"விதி தெரியாம செஞ்சுபோடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கய்யா. ரெண்டு பேரும் போய் மிச்சத்த எழுதட்டும். இல்லீன்னா காப்பின்னு நான் எழுதோணும். ரெண்டு தாளும் ரத்து."

இதில் எது தப்பு என்று அப்பாருவுக்குப் பிடிபடவில்லை.

திருடியிருந்தால் திட்டலாம். மறைத்திருந்தால் கண்டிக்கலாம். இவள் எதையும் மறைக்கவில்லை. எழுதிக் கேட்டதற்கு அடியில் தன் பெயர் போடாதது ஒன்றுதான் குறை.

அவர் குடும்பத்தில் யாரும் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்ததில்லை.

தெரியாதபோதும்.

"தப்புன்னு உனக்குத் தெரியாதா?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"தெரியலைன்னா கேளுன்னுதான வீட்ல சொல்லுவாங்க, அப்பாரு?"

தண்ணீர் தாகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

சுவர்க் கடிகாரத்தில் தேர்வு முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம். மாராத்தாள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார்.

'அவளுக்கு' என்று எழுதினார்.

அடித்தார்.

'எங்களுக்கு விதி தெரியவில்லை.'

கையெழுத்திட்டார். பெயருக்கு முன்னால் எப்போதும் போடும் குடும்பத் தோட்டத்தின் பெயரையும் சேர்த்தே.

நின்றபடி.

இதழினி காப்பியடித்துத்தான் தேறினாள் என்று பொள்ளாச்சியில் ஒரு பேச்சு இருக்கிறது.

அது பொய். அவள் பார்த்து எழுதியது அந்த ஒரு கணக்கு. மாராத்தாள் சொன்ன விடை பதினெட்டு. சரியான விடை இருபத்தொன்று.

வீட்டுக்கு வந்து அப்பாருவே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் அவருக்குப் பதினெட்டுதான் வந்தது.

பிறகு, தெரியவில்லை என்று இதழினியிடம் கேட்டார்.