வெளிச்சம் எந்தப் பக்கம்?

“இது ஒட்டுப் படம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இப்பவே போயி அவன் சட்டையப் பிடிக்கிறேன்.”

மொக்கைச்சாமி போட்டோவை மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஜேசுராஜின் கம்ப்யூட்டர் சென்டர். 2004இல் அங்கே கம்ப்யூட்டரில் படம் வரையப் பழகிய எட்டுப் பேரும் நடிகர் சூரவேலின் முகத்தைத்தான் வரைந்தார்கள். வேறு முகம் கொடுத்தால் வகுப்புக்கு வரமாட்டார்கள் என்று ஜேசுராஜுக்குத் தெரியும்.

மொக்கைச்சாமி டி. கல்லுப்பட்டி சூரவேல் ரசிகர் மன்றத் தலைவர். அவர் மகள் தங்கப்பொண்ணு மூன்றாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். தினமும் மினி பஸ்ஸில் வந்து போகிறவள். வரும் ஞாயிறு அவளுக்கு நிச்சயதார்த்தம்.

போட்டோவில் சூரவேல் ஓர் இளைஞனின் தோளில் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாப்பிள்ளையா அண்ணே?”

“மருதுன்னு பேரு. மினி பஸ் டிரைவரு. டிரைவருக்கா என் பொண்ணுன்னு ரெண்டு தடவை விரட்டி விட்டேன். மூணாந்தடவை அவன் மாமன் வந்து இந்தப் போட்டோவ நீட்டுனான். நான் என்ன சார் பண்ணுவேன்? இருபது வருசமா கொடி கட்டுறேன், தலைவரு என்னைய ஒருக்கா திரும்பிப் பாத்ததில்ல. இவன் தோள்ல கை போட்டிருக்காரு.”

“அப்புறம் என்ன சந்தேகம்?”

“நேத்து மன்றத்துல சோணை பாத்தான். மாமா, இதெல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றது, ஒங்க தலையில மொளகா அரைச்சுட்டாய்ங்கன்னு சிரிக்கிறான். அம்புட்டுப் பேரு முன்னாடி.” அவர் குரல் தணிந்தது. “பொய்யின்னா இந்தச் சம்பந்தம் கிடையாது. இந்த மாசமே வேற எவனுக்காச்சும் கட்டிக் குடுத்துருவேன்.”

வகுப்பே எழுந்து வந்து மேசையைச் சுற்றிக்கொண்டது. தங்கப்பொண்ணு மட்டும் எழவில்லை.

“வெக்கத்தப் பாரு” என்றான் ஒருவன்.

ஜேசுராஜ் போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோனார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார்.

“ஒட்டுப் படத்தக் கண்டுபிடிக்க ஒரே வழிதாண்ணே. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு பாக்கணும். ரெண்டு படத்த ஒட்டுனா ரெண்டு சூரியன் வந்துரும்.”

“இதுல எத்தனன்னு சொல்லுங்க.”

சூரவேலின் மூக்கு நிழல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. மருதுவின் மூக்கு நிழலும் அப்படியே. தாடைக்குக் கீழே இருவருக்கும் ஒரே இருட்டு.

“காது? சோணை காதப் பாக்கச் சொன்னான்.”

காதும் சரியாக இருந்தது. சூரவேலின் மஞ்சள் சட்டை மருதுவின் கன்னத்தில் லேசான மஞ்சளை ஏற்றியிருந்தது. அதுவும் சரி.

தோளில் கிடந்த கையை ஜேசுராஜ் கடைசியாகப் பார்த்தார். ஒட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அது. கை மிதக்கும்.

நிறைய நேரம் பார்த்தார். மொக்கைச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“என்ன சார், பேச்சக் காணோம்? மாட்டிக்கிட்டானா?”

கை மிதக்கவில்லை. ஒவ்வொரு விரலுக்கு அடியிலும் சட்டையில் நிழல் இருந்தது. விரலை ஒட்டி அடர்த்தியாகவும், விலக விலக மங்கியும்.

“ஒரே சூரியன்தாண்ணே” என்றார் ஜேசுராஜ். “அசல் படம்.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு நான் சோணை மூஞ்சில முழிக்கணும்.”

“பத்து வருசமா இதத்தான் பாக்குறேன். கண்ண மூடிக்கிட்டு நிச்சயம் பண்ணுங்க.”

“அப்ப அத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. சீல் வச்சு.”

ஜேசுராஜ் சிரித்தபடி எழுதினார். கையெழுத்துப் போட்டு, சென்டரின் சீலை அழுத்தினார். மொக்கைச்சாமி தாளை இரண்டு தரம் படித்து நான்காக மடித்தார். போட்டோவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஏத்தா, கேட்டியா? நம்ம மாப்ள அசல் ஆளு!”

தங்கப்பொண்ணு திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டு, ஜேசுராஜ் போட்டோவை ஸ்கேன் செய்துகொண்டார். மொக்கைச்சாமி படியிறங்கிப் போனதும், தோளில் கிடந்த கையைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க. இது கேமரா புடிச்ச நெழலு. மனுசன் வரைஞ்சா எங்கயாச்சும் ஒரு எடத்துல தப்பிரும். இன்னும் ரெண்டு வருசம் கத்துக்கிட்டாலும் உங்கள்ல ஒருத்தருக்கும் இப்படி வராது.”

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கினார்கள். தங்கப்பொண்ணு மட்டும் பையை மாட்டிக்கொண்டு திரைக்கு எதிரே நின்றாள். ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்த்தாள். அப்பாவின் மொபெட் இல்லை.

“அந்தக் கை நெழலுக்கு மட்டும் நாலு நாளாச்சு சார்.”