தொடாத கண்ணாடி

"ரெண்டு கண்ணாடியும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?" என்று கேட்டார் பேராசிரியர், ஜன்னலருகே குனிந்தபடி.

அவள் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். உலை, குடுவை எதையும் தொடாதவள். அவளுக்கு எல்லாமே கம்ப்யூட்டர்தான். உலோகங்களையும் ஆக்சிஜனையும் விதவிதமாக அடுக்கிக் கணக்குப் போடுவாள். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, இதுவரை யாரும் செய்யாத ஓர் ஆக்சைடைக் கண்டுபிடித்திருந்தாள். வெளிச்சம் பட்டால் போதும், மேலே ஒட்டுகிற புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் அதுவே சிதைத்துவிடும் என்றது கணக்கு. ஆய்வகத்தில் உலையைக் கவனிப்பவர் அதைச் சுட்டுத் தயாரித்துக் கொடுக்க, அவள் வீட்டு மாடி ஜன்னலின் வலது கண்ணாடியில் பூசினார்கள். இடது பக்கம் வெறும் கண்ணாடி. கீழே லாரிகள் ஓயாமல் போகும் தெரு. ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்துவிட வேண்டும்.

தெரியவில்லை. இரண்டும் பளபளவென்று இருந்தன.

மழையே கழுவிவிடுகிறது, இதில் உன் ஆக்சைடுக்கு என்ன வேலை என்று கேட்டார் பேராசிரியர். அவர் பொல்லாதவர் இல்லை. ஆனால் உலைக்கு இன்னொரு குழு வரிசையில் நிற்கிறது. இந்த ஆய்வை இன்றோடு மூடிவிடலாம் என்று படிவத்தோடு அவள் வீட்டுக்கே வந்திருந்தார்.

"கணக்கு தப்பாது சார். நாலு தடவை போட்டுப் பார்த்துட்டேன்," என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. உள்ளுக்குள் மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் யாராவது துடைத்திருப்பார்களோ என்று பேராசிரியர் இழுத்தார். அப்படியென்றால் சந்தேகம் மாமனார் மேல்தான் போக வேண்டும். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அழுக்கென்றால் அவருக்கு ஆகவே ஆகாது. செருப்பின் அடிப்பக்கத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். அதனால்தான், பூச்சுப் பூசிய கண்ணாடி மேல் துணியே படக் கூடாது என்று முதல் நாளே அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொல்லி வைத்திருந்தாள்.

கூப்பிட்டுக் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. "நீ சொன்ன கண்ணாடிய நான் சுண்டு விரலால கூடத் தொட்டதில்லம்மா. உன் பிழைப்புல மண்ணப் போடுவேனா?" என்றவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேராசிரியர் படிவத்தை மேஜையில் வைத்தார். அடுத்தது நல்லபடியாக வரும் என்று சமாதானம் சொன்னார்.

"கையெழுத்துப் போடறேன் சார். ஆனா கணக்கு சரிதான்னு பக்கத்துலயே எழுதிடுவேன்," என்று பேனாவைத் திறந்தாள்.

அப்போது மாமனார் வாளியும் ஈரத்துணியுமாகத் திரும்பி வந்தார். யாரையும் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய், இடது கண்ணாடியை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார். துணி லேசாகக் கறுத்தது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"இது நீ சொன்ன கண்ணாடி இல்லையேம்மா," என்றார் அவர், கோபம் இன்னும் ஆறாமல். "அதுல ஆறு மாசமா ஒரு பொட்டு அழுக்கு ஒட்டல. பக்கத்துல இது கரியா நின்னா பார்க்கறவங்க உன்னத்தானே சொல்லுவாங்க? அதான் நீ வேலைக்குப் போனப்புறம் தினம் ரெண்டு வேளை தேய்ச்சுத் தேய்ச்சு, இதையும் அது மாதிரியே வெச்சிருக்கேன்."