கள்ளிமுளையான்

களி உருண்டையைத் தட்டோடு தள்ளி வைத்தாள் ரூபா.

"பசிக்கலம்மா. நீ சாப்புடு."

நஞ்சம்மா வேப்பனப்பள்ளியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள். அவரைக்கொட்டைக் குழம்பு சிந்தாமல் தூக்குச்சட்டியை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாள். மகள் ஷிப்ட் முடிந்து மத்திகிரி அறைக்குத் திரும்பும்வரை தானும் சாப்பிடாமல் காத்திருந்தாள்.

பெண் பார்க்க வந்த காவேரிப்பட்டினத்துக்காரர்கள், பெண் கொஞ்சம் தாட்டியாக இருக்கிறாள், தைக்குள் இளைத்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் தொப்பையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவள் எப்படித் திறப்பாள்?

அன்றிலிருந்து ரூபா மாத்திரை விழுங்குகிறாள். பசியே எடுக்காதாம்.

அறைத்தோழி பிரவீனாவுக்கு அது பிடிக்கவில்லை. இதையெல்லாம் நம்பாதே என்று கம்பெனி டாக்டர் சொன்னாராம். லைனில் நிற்கும்போது ரூபாவுக்குக் கண் இருட்டியதையும் அவள்தான் போட்டு உடைத்தாள்.

ரூபா விடுவதாக இல்லை. இது இங்கிலீஷ் மருந்து இல்லை, மூலிகை, காலங்காலமாக ஜனங்கள் தின்றது, ஒரு கெடுதலும் செய்யாது என்று போனில் பார்த்ததையெல்லாம் ஒப்பித்தாள்.

இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நஞ்சம்மா அந்த மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தாள்.

அதிலிருந்த எழுத்து அவளுக்குத் தெரியாது. படம் தெரிந்தது. பாறை இடுக்கில் பட்டை பட்டையாக நிமிர்ந்து நிற்கும் பச்சைத் தண்டு.

கள்ளிமுளையான்.

மழை பொய்த்த வருஷம் அது. புருஷனும் அவளும் கர்நாடகா பக்கம் கல் குவாரிக்குப் போயிருந்தார்கள். ரேஷன் அட்டை ஊரில் கிடந்தது. குவாரிக்காரன் கூலியை இழுத்தடித்தான். இருந்த ராகி மாவில் ஒரு வாய்க்குத்தான் கூழ் காய்ச்ச முடிந்தது. பிள்ளைகளோ இரண்டு.

பாறையில் இது மட்டும் மண்டிக் கிடந்தது. தின்றால் பசி அடங்கும் என்பது ஆடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஒடித்து, தோல் சீவி, இரண்டு பேருக்கும் கொடுத்தாள்.

பெரியவன் சந்தோஷ் மறுபேச்சில்லாமல் தின்பான். பசிக்கிறதா என்று கேட்டால், சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டுவான். தங்கமான பிள்ளை என்று அவளே தன் வாயால் மெச்சியிருக்கிறாள். கூறுகெட்டவள்.

சின்னது, கசப்பென்று துப்பிவிட்டு வீறிட்டு அழும். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும். காய்ச்சிய கூழெல்லாம் அதன் வாய்க்கே போயிற்று.

அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான் என்றுதான் ரூபாவிடம் சொல்லி வைத்திருந்தாள்.

நஞ்சம்மா டப்பாவைக் கீழே வைத்தாள். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து மகளின் வாயருகே கொண்டுபோனாள்.

"அன்னைக்கு நீ துப்புனியே சாமி. இன்னைக்கு எப்படி முழுங்கற?"

ரூபாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே இல்லை என்று தலையாட்டினாள்.